பிளாஸ்ட், போல்ட்: ஊர்விட்டு ஊர் போகும் கொசுவைத் துரத்த இந்த இலவசச் சேவைகள் போதுமா?

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கையில் கிடைத்த கொசு என்ன இனம் என்று தெரிந்துகொள்ள, டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்க்கும் இணையச் சேவைகளான பிளாஸ்ட், போல்ட் இரண்டுமே அருமை, ஒரு பைசா செலவில்லை. அதே கொசு எந்த ஊரில் இருந்து கப்பலேறி வந்தது என்று தெரிந்துகொள்ள இவற்றை மட்டும் நம்பினால் காலை வாரிவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் எம்எஸ்சி ப்ராஜெக்ட்டில் இருந்து செய்தித்தாள் வரை எல்லா இடத்திலும் 'மரபணு சோதனையில் இந்த நாட்டுக் கொசு என்று தெரிந்தது' என்று எழுதிவிடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். விலங்கியல் பாடம் எடுப்பதால் இந்த இரண்டும் எனக்கு அன்றாடம் புழங்கும் சேவைகள், மாணவர்களோடு சேர்ந்து தினமும் திறப்பவை.

அறிமுகம் இல்லாதவர்களுக்குச் சுருக்கமாக. பிளாஸ்ட் என்பது அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில் இருக்கும் என்சிபிஐ என்ற அரசு உயிரியல் தகவல் மையம் நடத்தும் தேடுபொறி, 1990-ல் வந்தது. நாம் கொடுக்கும் டிஎன்ஏ வரிசையை ஜென்பேங்க் என்ற பெரிய கிடங்கில் இருக்கும் வரிசைகளோடு ஒப்பிட்டு, எதனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும். ஜென்பேங்க் 1982-ல் தொடங்கியது, ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இருக்கும் கிடங்குகளோடு தினமும் பதிவுகளைப் பரிமாறிக்கொள்கிறது, ஆகவே எங்கே போட்டாலும் மூன்று இடத்திலும் கிடைக்கும். போல்ட் என்பது டிஎன்ஏ பார்கோடுகளுக்கான கிடங்கும் தேடுபொறியும், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் குழு உருவாக்கியது. சிஓஐ என்ற மரபணுவில் சுமார் 650 எழுத்து நீளமுள்ள ஒரே ஒரு துண்டை வைத்து விலங்கினங்களை அடையாளம் காணலாம் என்று 2003-ல் முன்வைத்தவர் அவர்தான், டிஎன்ஏ பார்கோடு என்று சொல்வது இந்தத் துண்டைத்தான்.

இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று கேட்டால் நான் ஒரே ஒரு கொசுவின் பெயரைச் சொல்வேன்: அனோபிலிஸ் ஸ்டீபென்சி. சென்னையில் வளர்ந்தவர்கள் பெயர் தெரியாமலே இதோடு வாழ்ந்திருப்பார்கள். மூடி சரியாக இல்லாத மொட்டைமாடித் தொட்டி, வீட்டுக் கிணறு, கட்டட வேலைக்குத் தேக்கிவைத்த தண்ணீர், இப்படிச் சுத்தமான தண்ணீர் நின்றால் போதும், முட்டையிட்டுவிடும். மாநகராட்சி ஆட்கள் வந்து தொட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பதும் கிணற்றில் கம்பூசியா மீன் விடுவதும் இந்தக் கொசுவை மனதில் வைத்துத்தான். மலேரியாவைப் பரப்பும் மற்ற அனோபிலிஸ் வகைகள் பெரும்பாலும் கிராமம், காடு, வயல் பக்கம் இருக்க, இது நகரத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. தெற்காசியாவும் ஈரானும் அரேபியத் தீபகற்பமும்தான் இதன் சொந்த மண்.

2012-ல் ஆப்பிரிக்காவின் கொம்பில் இருக்கும் ஜிபூட்டியில் இது பிடிபட்டது. அந்த ஆண்டு அங்கே மலேரியா வந்தவர்கள் 27 பேர். 2020-ல் அந்த எண்ணிக்கை 73,000-ஐத் தாண்டியது. மொத்தப் பழியையும் ஒரே கொசுவின் தலையில் போட முடியாது, ஆனால் பெரும் பங்கு இதற்கு உண்டு என்றுதான் அந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். 2016-ல் எத்தியோப்பியாவின் கெப்ரி தெஹாரில், 2019-ல் சோமாலியாவில், 2020-ல் நைஜீரியாவில், 2022-ல் கென்யாவிலும் கானாவிலும் என்று வரிசையாகப் பிடிபட்டது. நமக்கு இன்னும் பக்கத்தில், இலங்கை. அந்த நாடு மலேரியாவை முழுதாக ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் சான்றிதழ் கொடுத்தது, சில மாதங்களிலேயே மன்னாரில் கிணறுகளில் ஸ்டீபென்சியின் புழுக்கள் கிடைத்தன. அப்புறம் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் கண்டார்கள். எத்தனையோ வருட உழைப்பில் ஒழித்த ஒரு நோய்க்கு மறுபடி கதவைத் திறந்துவிடக்கூடிய கொசு இது, அதனால் 'எங்கிருந்து வந்தாய், எந்த வழியாக வந்தாய்' என்ற கேள்வி வெறும் ஆராய்ச்சிக் கேள்வி இல்லை. வழி தெரிந்தால்தான் அடைக்கலாம்.

முதலில் இந்தச் சேவைகள் நன்றாகச் செய்வதைச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு நான் மனதாரக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு கொசுவின் ஒரு கால் போதும். ஆறு காலில் ஒன்றை எடுத்து டிஎன்ஏ பிரித்துவிட்டு, மீதி உடலை ஊசியில் குத்திப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிடலாம். சிஓஐ துண்டை, டிஎன்ஏவை நகலெடுக்கும் முறையான பிசிஆரில் பெருக்கி, வரிசை படிக்க வெளியே அனுப்பினால் சில நாளில் கோப்பு மின்னஞ்சலில் வரும், செலவு ஒரு மாதிரிக்குச் சில நூறு ரூபாய். அந்தக் கோப்பைத் திறந்தால் நான்கு நிறத்தில் மலைமலையாக வரைகோடுகள்: பச்சை ஏ, நீலம் சி, கறுப்பு ஜி, சிவப்பு டி. ஆரம்பத்தில் முப்பது நாற்பது எழுத்து வரை மலைகள் ஒன்றோடு ஒன்று மோதிக் குழம்பிக் கிடக்கும், அதை வெட்டிவிட வேண்டும், கடைசியிலும் மலைகள் தேய்ந்து சரியும், அதையும் வெட்ட வேண்டும். நடுவில் தெளிவாக, ஒவ்வொரு மலையும் தனித்தனியாக நிமிர்ந்து நிற்கும் பகுதியைத்தான் எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் அப்படியே பிளாஸ்ட்டில் ஒட்டும் பிள்ளைகள்தான் '94 சதவீதம், புது இனமோ' என்று ஓடி வருவார்கள்.

சுத்தம் செய்த வரிசையை என்சிபிஐ தளத்தில் பெட்டிக்குள் ஒட்டி, பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் பட்டியல் வந்துவிடும். கணக்குத் திறக்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், எந்த நாட்டில் இருந்து தேடினாலும் ஒரே மரியாதை. நம் வரிசையில் எத்தனை சதவீதம் ஒப்பிடப்பட்டது, அதில் எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது, இந்தப் பொருத்தம் தற்செயலாக வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு, எல்லாம் ஒரே வரியில் இருக்கும். மொட்டைமாடித் தொட்டியில் எடுத்த புழுவின் வரிசையைப் போட்டால் முழுப் பட்டியலும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி, 99, 100 சதவீதம் என்று வந்து நிற்கும். புழுவாக இருக்கும்போது கண்ணால் பார்த்து இனம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். வளர்ந்த பெண் கொசுவாக இருந்தால் வாயருகே நீளும் தொடு உறுப்புகளில் வெள்ளைப் பட்டைகளும் தூவினாற்போல் புள்ளிகளும் பார்த்து ஸ்டீபென்சி என்று சொல்லலாம், ஆனால் பொறியில் மாட்டிய கொசுவுக்குச் செதில் எல்லாம் உதிர்ந்திருக்கும், கால் ஒன்றிரண்டு இருக்காது.

ஆப்பிரிக்காவில் இந்தச் சேவை உயிர்காக்கும் வேலையே செய்தது. அங்கே அனோபிலிஸ் கொசுக்களை அடையாளம் காணப் பல வருடமாகக் கையில் வைத்திருந்த 1987-ஆம் ஆண்டு வழிகாட்டியில் ஸ்டீபென்சி கிடையாது, அப்போது அந்தக் கொசு அந்தக் கண்டத்திலேயே இல்லையே. 2020-ல் கொசு ஆய்வாளர் மவ்ரீன் கோட்சி வெளியிட்ட புது வழிகாட்டியில்தான் அது சேர்ந்தது. வழிகாட்டியில் இல்லாத கொசுவைப் பார்த்தால் யாராக இருந்தாலும் இருப்பதில் எது நெருக்கமோ அந்தப் பெயரைத்தான் எழுதுவார்கள். அங்கே வழக்கமாகச் செய்யும் பிசிஆர் சோதனையும் உள்ளூர் மலேரியாக் கொசுவான காம்பியே வகைகளைப் பிரிப்பதற்காக அமைந்தது, ஸ்டீபென்சியைப் போட்டால் ஒன்றும் காட்டாது. கெப்ரி தெஹாரில் பிடித்ததைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஸ்டீபென்சி என்று உறுதி செய்தது சிஓஐ, ஐடிஎஸ்2 என்ற இரண்டு துண்டுகளின் வரிசையும், அதை ஒப்பிட்டுப் பார்க்கப் பொதுவில் கிடந்த பதிவுகளும்தான். முகம் தெரியாத யாரோ எப்போதோ போட்டுவைத்த வரிசை, இன்னொரு கண்டத்தில் ஒரு நோயை அடையாளம் காட்டுகிறது. இந்த ஏற்பாட்டை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

பெயர் சொல்வதிலும் ஓட்டைகள் உண்டு, மறைக்கவில்லை. ஆப்பிரிக்காவின் அனோபிலிஸ் காம்பியே, கொலுஸ்ஸி இரண்டையும் சிஓஐ வைத்துப் பிரிக்க முடியாது. நம் சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸையும் குளிர்நாட்டு கியூலெக்ஸ் பிப்பியன்ஸையும் பிரிப்பதும் இதனால் நம்பகமாக முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டையில் இன்னொரு தொல்லை, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்க வேண்டிய இந்த சிஓஐ துண்டின் பழைய நகல்கள் உட்கருவின் டிஎன்ஏவிலும் ஒட்டிக் கிடக்கின்றன, பிசிஆர் சில சமயம் அந்த நகலைப் பெருக்கித் தந்துவிடும், வரிசை பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். புரதமாக மாற்றிப் பார்த்து 'புரதம் இங்கே முடிகிறது' என்று சொல்லும் நிறுத்தக் குறி நடுவிலேயே வந்தால் உஷாராக வேண்டும். ஸ்டீபென்சிக்கு இந்தக் கவலைகள் குறைவு, அதனால் அதோடு வேலை செய்பவர்கள் பெயர் விஷயத்தில் நிம்மதியாக இருக்கலாம்.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன்.

பிளாஸ்ட் பட்டியலில் முதல் வரியில் இருப்பதுதான் கொசுவின் சொந்த ஊர் என்று எடுத்துக்கொள்வது மிகப் பெரிய பொறி. வழக்கமான அமைப்பில் அது 100 பொருத்தங்களைத்தான் காட்டும். ஸ்டீபென்சி மாதிரி பல நாடுகளில் ஒரே சிஓஐ வரிசையோடு திரியும் இனத்துக்கு, 100 சதவீதம் பொருந்தும் பதிவுகளே ஏராளம் இருக்கலாம். எல்லாம் சமம் என்றால் யார் முதல் வரியில் வருகிறார் என்பதற்கும் பூகோளத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஈரான் மேலே இருக்கலாம், இந்தியா கீழே இருக்கலாம், 101-வதாக இருந்த இலங்கைப் பதிவு பட்டியலிலேயே வராமல் போகலாம். அமைப்புகளுக்குள் போய் அந்த எண்ணிக்கையை 1,000, 5,000 என்று கூட்டிப் பாருங்கள், படம் மாறிவிடும். இந்த எச்சரிக்கையை என்சிபிஐ முடிவுப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும். வரிசை படித்துக் கொடுக்கும் சில தனியார் ஆய்வகங்கள் வேறு, பிளாஸ்ட் பக்கத்தைப் படம் பிடித்து முதல் வரியைத் தடித்த எழுத்தில் போட்டு 'முடிவு' என்று அறிக்கையே கொடுக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய அறிக்கை என்பதால் பிள்ளைகள் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம்.

அடுத்தது இடம். ஒவ்வொரு பதிவையும் சொடுக்கித் திறந்தால் எந்த இடத்தில், எந்தத் தேதியில், யார் பிடித்தார்கள் என்று எழுத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பழைய பதிவுகள் பலவற்றில் அந்த இடமே காலி. நிரப்பியிருந்தாலும் 'இந்தியா' என்பதோடு நின்றுவிடும் பதிவுகள்தான் நான் தேடும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வருகின்றன. இந்தியா என்றால் எங்கே? கொச்சித் துறைமுகமா, ராஜஸ்தானில் ஒரு தண்ணீர்த் தொட்டியா, தூத்துக்குடியில் சரக்குப் பெட்டி அடுக்கிய முற்றமா? வழியைத் தேடுபவனுக்கு இந்த மூன்றும் மூன்று வேறு பதில்கள். இப்போது புதிதாகப் போடும் பதிவுகளுக்கு இடமும் தேதியும் கட்டாயம் என்று விதி வந்துவிட்டது, நல்லதுதான், ஆனால் குறைந்தபட்சம் நாட்டின் பெயரும் ஆண்டும் இருந்தாலே விதி திருப்தியடைந்துவிடுகிறது. ஒரு துணைக்கண்டத்துக்கு அது எந்த மூலைக்கு?

போல்ட் இந்த விஷயத்தில் பல படி மேல். நல்ல பதிவாக இருந்தால் கொசுவின் புகைப்படம், பிடித்த இடம் வரைபடத்தில் ஒரு புள்ளியாக, உடல் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது, நான் மேலே சொன்ன அந்த நான்கு நிற மலைக் கோப்பு, எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். யாராவது பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் படத்தைப் பார்த்தே சந்தேகப்படலாம். ஜென்பேங்க்கில் அந்த வசதி இல்லை, பதிவை மாற்ற உரிமை போட்டவருக்குத்தான், அவர் எப்போதோ துறையை விட்டுப் போயிருந்தால் தப்பு தப்பாகவே இருக்கும். வரிசைகளைத் தானாகவே கூட்டம் கூட்டமாகப் பிரித்து எண் கொடுக்கும் ஏற்பாடும் போல்ட்டில் உண்டு, ஒரு பெயருக்குள் இரண்டு மூன்று கூட்டம் இருந்தால் அது பளிச்சென்று தெரியும். குறை என்னவென்றால், ஒப்பிடும்போது நம் கொசு யாரோ இன்னும் வெளியிடாத பதிவோடு பொருந்துகிறது என்று மட்டும் காட்டிவிட்டு விவரத்தைத் தராமல் விட்டுவிடும் நேரங்கள் உண்டு. இடம் தெரிந்துகொள்ளத்தானே வந்தோம், அதை மட்டும் மூடி வைத்தால் எரிச்சலாக இருக்காதா? வேகத்திலும் பிளாஸ்ட்டுக்கு ஈடாகாது.

சரி, இடமெல்லாம் ஒழுங்காக நிரப்பியே இருந்தாலும் சிஓஐ ஒன்றை வைத்து வழி கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவுக்குத்தான். அது அம்மாவிடம் இருந்து மட்டும் வரும் டிஎன்ஏ, 650 எழுத்தில் ஊருக்கு ஊர் வித்தியாசம் காட்ட இடம் குறைவு. உண்மையான தடம்பிடித்தல் எப்படி இருக்கும் என்று பார்க்க இரண்டு வேலைகளைச் சொல்கிறேன், இரண்டும் ஏடிஸ் கொசுவைப் பற்றியவை.

2013-ல் கலிபோர்னியாவில் மடேரா, கிளோவிஸ், மென்லோ பார்க் ஊர்களில் திடீரென்று ஏடிஸ் ஈஜிப்டை பிடிபட்டது. டெங்கு, சிக்குன்குனியா பரப்பும் கொசு ஆயிற்றே, அந்த மாநிலமே பதறியது. யேல் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி பவலின் ஆய்வகம் உலகின் பல ஊர்களில் இருந்து இந்தக் கொசுவைச் சேகரித்து, ஊருக்கு ஊர் வேகமாக மாறும் மைக்ரோசாட்டிலைட் குறிகளை (ஒரே சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ துண்டுகள்) ஒவ்வொன்றிலும் படித்து ஏற்கெனவே வைத்திருந்தது. கலிபோர்னியக் கொசுவை அதோடு ஒப்பிட்டதும், வெளிநாட்டில் இருந்து இல்லை, அமெரிக்காவின் தென்பகுதியில் இருந்தே வந்திருக்க வேண்டும் என்று 2014-லேயே எழுதிவிட்டார்கள். பிறகு தெற்கு கலிபோர்னியாவில் பிடிபட்டவற்றைப் பார்த்தபோது, அவை வேறு வழியாக, தென்மேற்கு அமெரிக்கா, வடக்கு மெக்சிகோ பக்கம் இருந்து தனியாக வந்தவை என்று தெரிந்தது. ஒரே மாநிலம், குறைந்தது இரண்டு வாசல். சிஓஐ-யும் பிளாஸ்ட்டும் மட்டும் கையில் இருந்தால் 'ஏடிஸ் ஈஜிப்டை, 100 சதவீதம்' என்பதோடு கதை முடிந்திருக்கும்.

இன்னொன்று ஆஸ்திரேலியா. அங்கே விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் வெளியில் இருந்து வரும் கொசுவைப் பிடிக்கப் பொறி வைத்திருக்கிறார்கள். மெல்போர்ன் பல்கலைக்கழகக் குழு அப்படிப் பிடிபட்ட ஏடிஸ் ஈஜிப்டையின் மரபணுத் தொகுதி முழுக்கப் பரவியிருக்கும் ஆயிரக்கணக்கான ஒற்றை எழுத்து மாற்றங்களைப் படித்து, பல நாட்டு மாதிரிகளோடு ஒப்பிட்டது. பெரும்பாலானவை பாலித் தீவில் இருந்து வந்தவை என்று 2019-ல் வெளியிட்டார்கள். அதோடு விடவில்லை. விமானத்துக்குள் அடிக்கும் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி மருந்தை எதிர்க்கும் மரபணு மாற்றங்கள் அந்தக் கொசுக்களிடம் இருப்பதையும் காட்டினார்கள். மருந்து அடித்த விமானத்தில் இருந்தும் கொசு உயிரோடு ஏன் இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எங்கே கிடைக்கும்? எந்த ஊர் விமானத்தை அதிகம் கவனிக்க வேண்டும், எந்த மருந்தை நம்பிப் பயனில்லை என்று இரண்டும் ஒரே டிஎன்ஏவில் இருந்து வந்துவிட்டன. சேவை என்றால் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

இந்த இரண்டிலும் வெற்றிக்குக் காரணம் வெறும் கருவி இல்லை. கொசு வந்திருக்கக்கூடிய ஊர்களின் மாதிரிகள் முன்கூட்டியே கையில் இருந்தன. இதை யோசித்துக்கொண்டு ஸ்டீபென்சிக்குத் திரும்பி வாருங்கள். கெப்ரி தெஹார் கொசுவின் சிஓஐ வரிசை, பொதுவில் இருந்த பதிவுகளில் பாகிஸ்தானில் இருந்து வந்த ஒன்றோடு மிக நெருங்கியிருந்தது என்று அந்த ஆய்வு சொன்னது. ஆய்வாளர்கள் கவனமாகத்தான் எழுதினார்கள். ஆனால் எந்த ஒப்பீடும், கிடங்கில் யார் இருக்கிறார்களோ அவர்களில் யார் நெருக்கம் என்றுதான் சொல்ல முடியும். கிடங்கிலேயே இல்லாத ஊரை எந்தக் கணினியும் கை காட்டாது. சேலமோ மங்களூரோ கராச்சியோ, எந்த ஊரில் இருந்து நல்ல விவரத்தோடு பதிவுகள் இல்லையோ அந்த ஊர் சந்தேகப் பட்டியலிலேயே வராது. ஆகவே இந்தச் சேவையின் குறையில் பெரிய பங்கு பெதஸ்டாவிலோ குவெல்ஃபிலோ இல்லை, கொசுவின் சொந்த நாட்டில், நம்மிடம் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் பத்து நிமிடம் தேடிப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

நம் பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் பொய். சென்னையில் பிடித்து ஆய்வகத்தில் வளர்த்த ஒரு ஸ்டீபென்சி வம்சத்தின் முழு மரபணுத் தொகுதியை பெங்களூர் ஆய்வாளர்கள் படித்து 2022-ல் வெளியிட்டார்கள், இன்ட்சிஎச் என்று பெயர், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். மிக நல்ல வேலை. மன்னார்க் கொசுவைப் பற்றி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சுரேந்திரன் குழுவும் விடாமல் எழுதி வருகிறது. ஆனால் ஒரு வம்சத்தின் முழுத் தொகுதி வேறு, ஐம்பது ஊரில் இருந்து ஊருக்குப் பத்துக் கொசு என்று படித்து வைப்பது வேறு. தடம்பிடிக்க வேண்டியது இரண்டாவதுதான். ராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் நடுவில் இருக்கும் கடல் எவ்வளவு குறுகியது என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கொசு அந்தக் கடலைத் தாண்டியதா, கொழும்புத் துறைமுகம் வழியாக வந்து வடக்கே ஏறியதா, இல்லை வேறு எங்கிருந்தாவதா என்பதை இரு கரையிலும் ஊர் ஊராக மாதிரி இருந்தால்தான் அடித்துச் சொல்ல முடியும்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: இனம் கண்டுபிடிக்க பிளாஸ்ட்டுக்கு ஐந்துக்கு நாலரை, போல்ட்டுக்கு நாலு. ஊர் கண்டுபிடிக்க பிளாஸ்ட்டுக்கு இரண்டு, போல்ட்டுக்கு மூன்று, அதுவும் இடம் ஒழுங்காக நிரப்பிய பதிவுகள் மாட்டினால். சுகாதாரத் துறையில் களப்பணியில் இருப்பவர்கள், கல்லூரி ஆய்வகங்கள், ஆர்வத்தால் படிக்கும் பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் தைரியமாகப் பயன்படுத்தலாம், இனத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளும்வரை.

பயன்படுத்தப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பிளாஸ்ட் ஒவ்வொரு தேடலுக்கும் ஓர் எண் கொடுக்கும், அதை வைத்து முடிவை மறுபடி திறக்கலாம், ஆனால் 36 மணி நேரம்தான் வைத்திருக்கும், வெள்ளிக்கிழமை மாலை தேடிவிட்டுத் திங்கள்கிழமை வந்து பார்த்தால் இருக்காது, அதனால் முடிவை உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தம் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதற்கு முன்னால் வரிசையில் எவ்வளவு பகுதி ஒப்பிடப்பட்டது என்று பாருங்கள், பாதி வரிசைக்கு வந்த 100 சதவீதம் நம்மை ஏமாற்றும். ஒரே வரிசையை இரண்டு சேவையிலும் போட்டுப் பாருங்கள், பதில் மாறினால் பதிவுகளைத் திறந்து படத்தையும் இடத்தையும் சரிபாருங்கள்.

அப்புறம் முக்கியமாக, உங்கள் வரிசையையும் கொடுத்துவிட்டுப் போங்கள். தேடுவதற்கு மட்டும் வந்து போகிறவர்கள்தான் அதிகம், ஆய்வேடு முடிந்ததும் வரிசைகள் யாரோ ஒருவரின் பென் டிரைவில் தூங்குகின்றன. ஜென்பேங்க்கில் போடக் கட்டணம் இல்லை. விலங்குகளின் சிஓஐ-க்கு என்றே தனிப் பதிவேற்றப் பக்கம் வைத்திருக்கிறார்கள், வரிசையில் நடுவில் நிறுத்தக் குறி இருந்தால் அதுவே சுட்டிக்காட்டும், எல்லாம் சரியாக இருந்தால் சில வேலை நாட்களில் பதிவு எண் மின்னஞ்சலில் வந்துவிடும். இடம் கேட்கும் கட்டத்தில் நாட்டின் பெயரைப் போட்டு, முக்காற்புள்ளி வைத்து, மாநிலம், மாவட்டம், ஊர் என்று எழுதுங்கள். பக்கத்திலேயே அட்சரேகை, தீர்க்கரேகைக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, கைப்பேசி வரைபடத்தில் விரலை அழுத்தினால் இரண்டு எண்ணும் கிடைத்துவிடும். தேதியில் ஆண்டு மட்டும் போடாமல் நாள், மாதம் சேர்த்துப் போடுங்கள், மழைக்கு முன்னால் பிடித்ததா பின்னால் பிடித்ததா என்று பிறகு ஒருவருக்குத் தேவைப்படும். எதில் பிடித்தது என்று எழுதும் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள்: கிணறு, மேல்நிலைத் தொட்டி, பழைய டயர், மீன்பிடிப் படகின் தண்ணீர்ப் பீப்பாய், எதுவோ அதை அப்படியே எழுதுங்கள்.